ஒரு பங்கு மெஷினுக்கு, ஒரு பங்கு மனுஷனுக்கு

போக்குவரத்துக் கோர்ட்டில் அபராதம் கட்ட வருகிறவர்களில் தப்புச் செய்தவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இது அத்துப்படி. சிக்னல்தான் அவசரப்பட்டு மாறியிருக்கும். வேகப் பலகைதான் வேண்டுமென்றே மரத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கும். ஒருத்தர், அன்றைக்கு வண்டி ஓட்டியது தன் மைத்துனன் என்று சத்தியம் செய்தார். சரி, மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அக்கா சொன்ன பிறகுதான், தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஜன்னல் என்றால் காற்று வருகிற ஜன்னல் இல்லை. தடிமனான கண்ணாடி. அடியில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஒரு ஓட்டை. கண்ணாடி வழியாகப் பேசினால் கேட்காது என்பதால் எல்லோரும் குனிந்து அந்த ஓட்டைக்குள்தான் பேசுவார்கள். அதனால் அக்காவுக்கு ஊரில் பாதிப் பேரை முகவாயாகத்தான் தெரியும். வாசனையாகவும் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டார்கள், பல் தேய்த்தார்களா, கோர்ட்டுக்கு வரும் தைரியத்துக்காக வழியில் எங்காவது நின்றுவிட்டு வந்தார்களா, எல்லாம் அந்த ஓட்டை சொல்லிவிடும்.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. நீதிபதியிலிருந்து கூட்டுகிறவர்வரை எல்லோருக்கும் அவள் மூணாம் நம்பர் அக்கா.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. அன்றிலிருந்து அபராத ரசீதின் அடியில் இரண்டு வரிகள் கூடுதலாக முளைத்தன. ஒரு வரி, கோர்ட்டை நவீனமாக்க. இன்னொரு வரி, குடியிலும் போதையிலும் விழுந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க. நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய வேலையைச் சட்டம் எழுதியவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

“அபராதம் சரி. கீழ ரெண்டு வரி என்ன?”

“ஒண்ணு கோர்ட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு சார். இன்னொண்ணு குடிக்கு அடிமையானவங்களுக்கு வைத்தியம் பாக்கறதுக்கு.”

“நான் ராங் சைடுல வந்தேன். எவனோ குடிச்சான். எனக்கும் அவனுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அவரும் ராங் சைடுலதான் வந்திருப்பார் சார்.”

முதல் வருஷம் இப்படிப் பொறுமையாகப் பேசிப் பார்த்தாள். வரிசை வாசல் தாண்டிப் படிக்கட்டுக்குப் போயிற்று. பிறகு சுருக்கிக்கொண்டாள்.

“ஒரு பங்கு மெஷினுக்கு, ஒரு பங்கு மனுஷனுக்கு. அடுத்தவங்க வாங்க.”

அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் கூடம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே கூடுவதுதான் சிகிச்சைக் கோர்ட். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களில் சிலருக்கு நீதிபதியம்மா ஒரு வழி விடுவார். ஜெயிலுக்குப் போகிறாயா, இல்லை, ஆறு மாசம் மறுவாழ்வு மையத்துக்குப் போய்க்கொண்டு, வியாழன்தோறும் இங்கே வந்து என் முன்னால் நிற்கிறாயா? பெரும்பாலும் நிற்கத்தான் வருவார்கள். வந்து நின்று, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் நீதிபதியம்மா முதலில் கை தட்டுவார். பிறகு கூடமே தட்டும். தண்டனை கொடுத்தே பழகிய கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைதட்டல் கேட்கும். சுவர் மெல்லியது. “கச்சேரி ஆரம்பிச்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்கா ரசீதில் முத்திரை குத்துவாள்.

அந்தக் கூடத்து வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிறவருக்கு வெண்கலம் என்று பெயர். தொண்டைக்கு வைத்த பெயர். அவர் ஒரு நம்பரைக் கூப்பிட்டால் வெளியே மர நிழலில் தூங்குகிறவன்கூட எழுந்து, அது தன் நம்பர்தானோ என்று பையைத் தடவிப் பார்ப்பான். அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சிகிச்சைக்காரர்கள் ஒவ்வொருத்தரையும் உள்ளே விடுவதற்கு முன்னால், “இருப்பா, காலர் மடிஞ்சிருக்கு” என்று கிட்டே குனிந்து சட்டைக் காலரை இரண்டு கையாலும் இழுத்துச் சரி செய்வார். பிறகு முதுகில் லேசாகத் தட்டி, “போப்பா. உள்ள போ” என்பார்.

என்ன மரியாதை தெரிந்த மனுஷன் என்று புதிதாக வந்த வக்கீல்கள் நெகிழ்ந்து போவார்கள். பழையவர்களுக்குத் தெரியும், வெண்கலம் காலரைப் பார்க்கவில்லை. மோப்பம் பிடிக்கிறார். வாடை அடித்தால் அவர் “போப்பா” என்று சொல்ல மாட்டார். “செத்த உக்காருப்பா” என்று பெஞ்சைக் காட்டிவிட்டு, மையத்து ஆலோசகரைக் கண்ணால் கூப்பிடுவார். ஆலோசகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். பேச்சு முடிந்த பிறகுதான் நீதிபதி. இப்படிப் பிடிபட்டவர்கள் யாரும் அதனால் ஜெயிலுக்குப் போனதில்லை. அழுதுவிட்டு முதல் நாளிலிருந்து எண்ணிக்கையை மறுபடி தொடங்குவார்கள், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்தப் பங்கிலிருந்தும் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஒரு மூக்கு, இரண்டு கை. அதுதான் மொத்தச் செலவு.

அக்காவின் தம்பி டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். அவனுக்கு ஒன்பது வயது ஆகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே, உயிரோடுதான், போய்விட்டிருந்தார். பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் போட்டதிலிருந்து முதல் சம்பளத்தில் வாங்கிய பேன்ட்டுக்கு மடிப்பு அடித்துக் கொடுத்ததுவரை எல்லாம் அக்கா. வாய் நிறையப் பேசுவான். யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவான். அவன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் இரண்டு நாளைக்குச் சுவரெல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கும். குடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு என்று கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஒரு நாள் மத்தியானம், தெருவில் அத்தனை இடம் இருக்க, அவன் வேன் நேராகப் போய் மோதியது ஒரு சிக்னல் கம்பத்தில். கம்பம் சாய்ந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் தரையில் கிடந்து எரிந்துகொண்டே இருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதியம்மா சிகிச்சைக் கோர்ட்டுக்கு அனுப்பினார். கம்பத்துக்கான அபராதம் தனி. அதைக் கட்ட அவன் வேண்டுமென்றே, கூட்டம் குறைவாக இருந்த முதல் ஜன்னலையும் இரண்டாவதையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்கு வந்து குனிந்தான். முகவாயைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை வழியே வாசனை வந்தது.

“வேற ஜன்னலே கிடைக்கலையாடா உனக்கு?”

“குடும்ப ஜன்னல் இருக்கறப்போ வேற எங்கக்கா போறது. ஆமா, கீழ ரெண்டு வரி என்ன?”

“வாயை மூடிக்கிட்டுக் கட்டு.”

“சொல்லுக்கா. எல்லாருக்கும் சொல்றே, எனக்குச் சொல்ல மாட்டியா?”

பின்னால் வரிசை நின்றது. அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“ஒரு பங்கு மெஷினுக்கு. ஒரு பங்கு மனுஷனுக்கு.”

“அந்த மனுஷன் நான்தான். என் வைத்தியத்துக்கு நானே கட்டறேன் பாத்தியா. இவ்ளோ யோக்கியனை நீ பாத்திருக்கியா?”

அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். ரசீதில் விழ வேண்டியது பாதி மேஜையில் விழுந்தது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. பதினோரு மணிக்கு அவள் கை முத்திரையோடு அந்தரத்தில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வெண்கலம் அவன் நம்பரைக் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. காலர் சரி செய்யப்படுகிறது. பிறகு “போப்பா.” அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். அப்புறம் கைதட்டல். ஏழு நாள். பதினாலு நாள். முப்பத்தைந்து. நடுவில் ஒரே ஒரு தடவை “செத்த உக்காருப்பா” கேட்டது. அன்றைக்கு மூன்று ரசீதில் தேதியை மாற்றிப் போட்டாள். அவன் உட்கார்ந்தான், அழுதான், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தான்.

அந்த நாட்களில் அக்காவுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். மழை பெய்து தெருவில் வண்டி குறைந்தால் அவள் முகம் வாடும். ஊர் ஒழுங்காக ஓட்டினால் மையத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? மையம் நடக்காவிட்டால் தம்பி? வேகமாகப் போய் மாட்டியவன் வந்து நின்றால் உறவுக்காரனைப் பார்த்த மாதிரி சிரிப்பாள். மூன்றாவது தடவையாக வந்த ஒருவரிடம், “மறுபடியும் வாங்க சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பங்கையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது சட்டம். மனுஷனுடைய பங்கு மாசம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். மெஷினுடைய பங்கு செலவாகாமல் வளர்ந்துகொண்டே போயிற்று. செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் கேள்வி வரும். கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கோர்ட்டில் ஒரு நிர்வாக அதிகாரி இருந்தார். வாக்கியத்துக்கு ஒரு தடவை “அப்டேட்” என்பார். அதனால் அவர் அப்டேட் சார். நல்லவர். அக்கா வீட்டுக் குழாய் உடைந்தபோது ஆள் அனுப்பி வைத்தவர். அவர் கூடங்கள் எல்லாவற்றிலும் பெரிய பெரிய திரைகளை மாட்டினார். இனிமேல் சிகிச்சைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே போனில் நீதிபதி முன்னால் ஆஜராகலாம் என்று அறிவிப்பு ஒட்டினார். கைதட்டலுக்கும் ஏற்பாடு இருந்தது. நீதிபதி ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு கைகள் தோன்றித் தட்டும். சத்தம் வராது. அது அடுத்த அப்டேட்டில் வரும் என்றார்.

திரையே நம்பரைக் காட்டிக் கூப்பிடுவதால் வெண்கலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. வாகன நிறுத்தத்தில் புதிதாக வைத்த தானியங்கிக் கதவுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்தார்கள். தானியங்கிக் கதவு எப்படித் தானாகத் திறக்கும் என்பதை வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை.

தம்பி படிவத்தோடு வந்தான். நேரில் வருவதிலிருந்து திரைக்கு மாற, வீட்டார் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா படிவத்தை வாங்கி மேஜையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் மத்தியான இடைவேளையில் வாகன நிறுத்தத்துக்குப் போனாள். வெண்கலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, புது வேலை எப்படி இருக்கு?”

“இருக்கும்மா. அது திறக்குது, நான் பாக்கறேன். சில நேரம் திறக்க மாட்டேங்குது, அப்பவும் பாக்கறேன்.”

அவள் படிவத்தைக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

“உன் தம்பி எத்தனை நாளு இப்ப?”

“நூத்தி நாலு.”

“போடாதம்மா.”

“திரையில எல்லாம் தெரியும்ங்கறாங்களேண்ணே. மாசம் ஒரு தடவை மையத்துல சோதனையும் பண்றாங்களே.”

“சோதனைக்கு முன்கூட்டியே தேதி சொல்லிடறாங்க. திரையில முகம் தெரியும், சட்டை தெரியும். மூக்கு கிடையாது.” அவர் கதவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். “என் வேலை போனதுக்காகச் சொல்றேன்னு நினைக்காத. இன்னும் எழுபத்தாறு நாள். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துடலாம். வாசல்ல நான் வந்து நிக்கறேன், கதவு கிடக்குது.”

அன்று சாயங்காலமே, ஜன்னல் மூடிய பிறகு, தம்பி உள்ளே அவள் மேஜைக்கே வந்துவிட்டான்.

“போட்டியாக்கா?”

“இன்னும் கொஞ்ச நாள் நேர்லயே வாயேன்டா.”

“வியாழக்கிழமை வியாழக்கிழமை லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாக்க முடியலக்கா. கோர்ட்டுக்குப் போறேன்னு சொன்னா கொலை பண்ணினவனைப் பாக்கற மாதிரி பாக்கறான்.” பிறகு குரல் இறங்கியது. “அதுகூடப் பரவாயில்லை. வெண்கலம் அண்ணன் காலரைத் தொடும்போது எனக்கு உடம்பே கூசுது. அத்தனை பேர் பாக்க, மார்க்கெட்டுல மீனைத் தூக்கி மோந்து பாக்கற மாதிரி. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறாரா?”

“அவரு நல்லதுக்குத்தான்டா.”

“நல்லதுக்குத்தான். நான் எப்பக்கா நம்பற ஆள் ஆவேன்? நூத்தி நாலு நாள் பத்தாதா? உனக்கு நம்பிக்கை இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. கிழிச்சுப் போட்டுடறேன்.”

கிழிக்கிற மாதிரி இரண்டு கையாலும் படிவத்தைப் பிடித்தான். அவள் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரையைத் தேடி அவள் கை மேஜையில் தானாகத் துழாவியது. பழக்கம். இதற்கு முத்திரை வேண்டாம்க்கா என்று அவன் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கை அந்தரத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் மட்டும்.

“என்னம்மா, மெஷின் நின்னு போச்சா?” என்று ஒரு முகவாய் கேட்டது.

“இல்ல சார். நல்லா ஓடுது” என்று குத்திக் கொடுத்தாள்.

நூற்று அறுபதாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கோர்ட் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் அவன் அறைக்குப் போனாள். மூன்றாவது மாடி, ஒற்றை அறை. தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தான். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வெளியே நல்ல குளிர். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி. எதிரே ஒரு பெட்டியின் மேல் போனை நிறுத்திவைக்கிற தாங்கி. ஆணியில் ஒரே ஒரு சட்டை, மடிப்பு கலையாமல், ஹேங்கரில் தொங்கியது.

“இதுதான் நம்ம கோர்ட்” என்றான். “அந்தச் சட்டை வியாழக்கிழமைக்கு மட்டும். மேல சட்டை, கீழ அரை டிராயர். பாதி உடம்புதான் ஆஜர். நீதிபதியம்மாவுக்கு அது போதும்.”

பிறகு நீதிபதியம்மா மாதிரியே பேசிக் காட்டினான். அப்டேட் சார் மாதிரி பேசிக் காட்டினான். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். புதினா மிட்டாயை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டே இருந்தான். போட்டிருந்த சட்டையின் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. உண்மையாகவே மடிந்திருந்தது.

அவள் எழுந்து கையை நீட்டினாள்.

அவன் அரை அடி பின்னால் போனான். “என்னக்கா, நீயுமா?”

நீட்டிய கை எங்கே போவது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றது. பிறகு தன் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டது.

“ஒண்ணுமில்லடா. தூசி மாதிரி இருந்துச்சு.”

மூன்று மாடியும் இறங்கும்போது அவள் நாளைக் கணக்குப் போட்டாள். இன்னும் இருபது. இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் ஒன்றிலிருந்து. கிடங்கு வேலை போய்விடும். அதோடு, அவள் பார்த்தது என்ன? ஒரு மிட்டாய். ஒரு திறந்த ஜன்னல். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? முன்பு சொல்வதற்கு ஒரு வாசல் இருந்தது, வாசலில் ஒரு ஆள் இருந்தார், கண்ணால் காட்டினால் போதும். இப்போது புகார் என்றால் திரையில் ஏழு பக்கம் நிரப்ப வேண்டும். முதல் பக்கத்திலேயே உறவுமுறை கேட்கும். இதெல்லாம் படி இறங்குவதற்குள் அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டை வழியே அவள் கேட்டதும் நியாயமான காரணங்களைத்தான்.

நூற்று எண்பதாவது நாள் அப்டேட் சாரே ஜன்னலுக்கு வந்து, “வாங்க, உங்க தம்பி சர்ட்டிபிகேட் வாங்கறார்” என்று இரண்டாம் கூடத்துக்குக் கூட்டிப் போனார். அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை உட்கார வைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. நாற்காலிகள் எல்லாம் காலி. திரையில் தம்பி, வியாழக்கிழமைச் சட்டையில், சுவர் அளவுக்குப் பெரிதாக இருந்தான். காலர் கத்தி மாதிரி நின்றது.

நீதிபதியம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

“எங்க அக்காவுக்குச் சொல்லணும். மூணாம் நம்பர் ஜன்னல். அக்கா, நான் உன்கிட்ட…”

திரை உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி அவன் அப்படியே நின்றான்.

“நெட் கொஞ்சம் ஸ்லோ. இப்ப வந்துடும்” என்றார் அப்டேட் சார்.

வரவில்லை. நீதிபதியம்மா பட்டனை அழுத்தினார். உறைந்த முகத்தின் மேல் இரண்டு மஞ்சள் கைகள் தோன்றிச் சத்தமில்லாமல் தட்டின. அக்காவும் தட்டினாள். காலிக் கூடத்தில் அது ஒன்றுதான் கேட்டது.

என்ன சொல்ல வந்தாய் என்று அன்று சாயங்காலம் போனில் கேட்டாள். “தேங்க்ஸ்னு சொல்ல வந்தேன், வேறென்ன” என்றான்.

அதற்குப் பதினோராவது நாள் கிடங்கில் மூட்டை தூக்கும்போது ரத்த வாந்தி எடுத்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“எவ்வளவு நாளா குடிக்கறார்?”

“நூத்தி எண்பது நாளா…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “தெரியாது சார்” என்றாள்.

மூன்று நாள் இருந்தான். இரண்டாவது நாள் நல்ல நினைவு இருந்தது. நர்ஸ் மாதிரி பேசிக் காட்ட முயற்சி செய்தான். மூச்சு வாங்கியது. பிறகு சும்மா கிடந்தான்.

“அக்கா, அன்னிக்கு நீ கையை நீட்டினேல்ல.”

“பேசாம படுடா.”

“நான் நெனச்சேன், சரி, மாட்டினோம்னு. நெஞ்சு அப்படியே லேசாச்சு.” அவன் சிரிக்கத்தான் செய்தான். “அப்புறம் நீ தலைமுடியை ஒதுக்கிக்கிட்டே.”

“நீதானடா பின்னால போன.”

“போனேன். திருடன் போகத்தான் போவான். நீ ஒரு எட்டு முன்னால வருவேன்னு நெனச்சேன்.”

  கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் தன் கையை வைத்துக்கொண்டான். சண்டை என்று எதுவும் இல்லை. அவனுக்குச் சண்டை போடத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. எடுத்துப் போவதற்கு முன்னால் உடுத்திவிடலாம் என்றார்கள். அக்கா அவன் அறைக்குப் போய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து வந்திருந்தாள். அந்த ஒன்றுதான் மடிப்போடு இருந்தது. பேன்ட்டும் தேடி எடுத்தாள்; இந்த முறை முழு உடம்பும் ஆஜராக வேண்டும். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். மேல் பொத்தானுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. காலர் ஒரு பக்கம் மடிந்துவிட்டது. அவளால் அதைத் தொட முடியவில்லை.

கோர்ட்டிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அப்டேட் சார் வெளியே நின்று யாரிடமோ, ஊதினால் காட்டிக் கொடுக்கிற கருவி ஒன்று வந்திருக்கிறதாம், வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம், மெஷின் பங்கில் பணம் இருக்கிறது என்று தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே துக்கப்பட்டார். அவருக்குத் தெரிந்த துக்கம் அதுதான்.

வெண்கலம் கதவு வேலையை விட்டுவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார். உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் கையையும் காலரையும் பார்த்தார். 

“இருப்பா” என்றார் தம்பியிடம். “காலர் மடிஞ்சிருக்கு.”

கிட்டே குனிந்தார். இரண்டு கையாலும் காலரை இழுத்து, மடிப்பை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் இரண்டு நுனியையும் நீவினார். குனிந்தவர் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். முகத்துக்கு முகம் நாலு விரல் தூரம். அவர் மூச்சை இழுப்பது அக்காவுக்குக் கேட்டது. பழக்கம் என்றுதான் அவள் நினைத்தாள்.

நிமிர்ந்தபோது அவர் தொண்டை கம்மியிருந்தது. அந்தத் தொண்டையா என்று இருந்தது.

“சுத்தமா இருக்கான்மா” என்றார்.

பிறகு, முதுகில் தட்ட முடியாததால், தோளில் லேசாகத் தட்டினார்.

“போப்பா. உள்ள போ.”